பலகையை இன்னும் விரிக்காதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு மாதிரி ரயிலுக்கென்று ஓர் அறையை ஒதுக்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து பேசிப் பேசியே வளர்த்த ஆசை! எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது, இப்போது சின்ன எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. என் ரயில் மேடையின் மலைப் பகுதிக்கு மரச் சட்டம் அடிக்கும் வேலையையும் மறுபடி தொடங்கிவிட்டேன்.

நீ அனுப்பிய வரைபடத்தை நன்றாகப் பார்த்தேன். எட்டுக்கு நாலடி பிளைவுட்டைச் சுவர் ஓரமாகப் போட்டு, கால் கொடுத்து, மேலே தண்டவாளம் என்று வரைந்திருக்கிறாய். அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை. முதலில், சுவரோடு ஒட்டினால் பின்பக்கம் எட்டாது. நின்றுகொண்டு சௌகரியமாக வேலை செய்ய 75 செ.மீ. தான் எல்லை, மேடை உயர உயர அதுவும் குறையும். தடம் புரளும் வண்டி கை எட்டாத மூலையில்தான் புரளும்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. நிலம் தண்டவாளத்துக்கு மேலே மட்டும் இல்லையே, கீழேயும்தானே இருக்கிறது? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாம் பார்த்ததெல்லாம் என்ன? ஆறு, ஓடை, கரைக்குக் கீழே இறங்கும் வயல். தட்டைப் பலகையில் மலை வைக்கலாம், பள்ளம் வைக்க முடியாது. நீ ஆசைப்படும் பாலத்துக்கு அடியில் ஆறு ஓட இடமே இருக்காது. அதனால் பலகை வேண்டாம், மேலே மூடாத திறந்த மரச் சட்டம் போடு.

நான் போடுவது எல் கர்டர் முறை, அதாவது 'L' வடிவ மர உத்தரம். மாதிரி ரயில்களுக்கான அமெரிக்க இதழ் 'மாடல் ரெயில்ரோடர்'இன் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960களில் பரப்பியது. நாலு அங்குலச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் விளிம்பில் இரண்டு அங்குலச் சட்டம் ஒன்றைப் படுக்கையாகப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இணைத்தால் கர்டர் ஆயிற்று. மெல்லிய மரம்தான், ஆனால் நீளமாகப் போட்டாலும் தொய்யாது. காலைக் கர்டரின் முனையில் வைக்காதே. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வை. இரண்டு கர்டர்கள் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் பக்கவாட்டில் செங்குத்துக் கட்டைகள், அந்தக் கட்டைகள் மேல் தண்டவாளம் போகும் அகலத்துக்கு மட்டும் பிளைவுட்.

ஸ்க்ரூ எல்லாம் அடியிலிருந்து ஏறட்டும். கர்டரின் படுக்கை விளிம்பு வழியாகக் குறுக்குச் சட்டத்துக்குள் போகிற மாதிரி. மேலே மலையும் மரமும் வந்த பிறகும், கீழே குனிந்து ஸ்க்ரூவைக் கழற்றி, இடைஞ்சலாக நிற்கும் சட்டத்தை நகர்த்திவிடலாம். ஆணி அடித்தால் அந்த வசதி போச்சு.

அப்புறம் உன் மேம்பாலம். ஹெச்ஓ அளவில், அதாவது நிஜ ரயிலின் 87இல் ஒரு பங்கில், கீழ்த் தண்டவாளத்துக்கு மேல் 75 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். மேல் பாதையின் கனத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 செ.மீ. ஏற வேண்டும். 2 சதவீத ஏற்றத்தில் அதற்கு 5 மீட்டர் ஓட வேண்டும். உன் அறையில் எங்கே இடம்? திறந்த சட்டத்தில் ஒரு பாதையை 5 செ.மீ. ஏற்றி, மற்றதை 5 செ.மீ. இறக்கிவிடு. இரண்டரை மீட்டரில் காரியம் முடிந்தது.

ஏற்றத்தை அளக்க, 50 செ.மீ. ரசமட்டத்தின் ஒரு முனையின் அடியில் 1 செ.மீ. கட்டையை ஒட்டிக்கொள். அந்த முனை இறக்கத்தின் பக்கம் இருக்கட்டும். செங்குத்துக் கட்டையைக் கிளாம்பில் லேசாகப் பிடித்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மெல்லத் தட்டித் தட்டி ஏற்று. வந்ததும் கிளாம்பை இறுக்கி ஸ்க்ரூ போடு. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நேரம் அதுதான்.

மரம் நன்றாகக் காய்ந்ததா, நேரானதா என்று ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்துப் பார்த்து வாங்கு. வயர் போக, குறுக்குச் சட்டங்களில் இப்போதே துளை போட்டுவிடு.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், இந்த இரண்டையும் அளந்து எழுது. கர்டர் எங்கே வரவேண்டும் என்று வரைந்து அனுப்புகிறேன். கால் நிறுத்தும் நாளைச் சொன்னால் என் கிளாம்புகளோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்