வேகத்தைக் கூட்டும் முன் அறையின் வெப்பத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி வந்து வீட்டிலேயே கணினி பூட்டும் பிள்ளைகளை அதிகம் பார்க்கலாம். பூட்டி முடித்த கையோடு பலர் செய்யும் அடுத்த வேலை, மதர்போர்டின் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையின்) அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், கணக்குகளைச் செய்யும் சில்லான புராசசரின் வேகத்தைக் கூட்டுவது. (செயலி என்று எழுதினால் இங்கே கைப்பேசிச் செயலிதான் நினைவுக்கு வரும் என்பதால் புராசசர் என்றே எழுதுகிறோம்.) ஓவர்கிளாக்கிங் எனப்படும் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இணையக் காணொளியில் யாரோ காட்டிய வோல்ட்டேஜை அப்படியே தட்டிவிட்டு வெளியே வருவதைத்தான் வேண்டாம் என்கிறோம். அந்தக் காணொளி 20 டிகிரி அறையில் எடுக்கப்பட்டிருக்கலாம். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறை பிற்பகலில் 31, 32 டிகிரியில் இருக்கிறது.

காற்றால் குளிர்விக்கும் கூலரோ, தண்ணீர்க் கூலரோ, எதுவாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் கீழே புராசசரைக் கொண்டுபோக முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் அதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் கூலரின் திறன். 20 டிகிரி அறையில் 84 காட்டும் கணினி, அதே கூலருடன் அதே வோல்ட்டேஜில் நம் 31 டிகிரி அறையில் 95ஐத் தொடும். சூடு ஏற ஏறச் சிலிக்கானில் மின்கசிவும் கூடுவதால் இன்னும் ஓரிரு டிகிரி மேலே போனாலும் வியப்பில்லை. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை கே வகைப் புராசசர்கள் 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 95, 7800எக்ஸ்3டிக்கு 89. கூட்டிய வேகம் முழுவதும் அந்த வரம்பில் முட்டித் திரும்பிவிட்டால், கூட்டியதால் கிடைத்தது மின்கட்டணமும் விசிறிச் சத்தமும்தான்.

வோல்ட்டேஜைப் பற்றிப் பலர் அறியாத கணக்கு ஒன்று உண்டு. புராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடுகிறது, வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு (அதை அதனாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு) இணையாகக் கூடுகிறது. இன்டெல் 12600கே புராசசரின் ஆறு பெரிய கோர்களும் (கணக்கிடும் அலகுகளும்) சேர்ந்து ஓடும்போது தொழிற்சாலை வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதை 5.0க்கு ஏற்ற வோல்ட்டேஜை 1.20லிருந்து 1.32க்கு உயர்த்த வேண்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 11 விழுக்காடு கூடுகிறது, மின்சாரமோ 34 விழுக்காடு கூடுகிறது. அதில் பெரும்பங்கு வோல்ட்டேஜால் வந்தது. கதவு சாத்திய படுக்கையறையில் கணினி 100 வாட் கூடுதலாக இழுத்தால், இன்னும் ஓர் ஆள் அந்த அறையில் வந்து உட்கார்ந்ததற்குச் சமமான வெப்பம்.

எல்லாக் கணினியிலும் இதைச் செய்ய முடியாது. இன்டெலில் பெயரின் கடைசியில் கே உள்ள புராசசரும் இசட்690, இசட்790 போன்ற இசட் வகை மதர்போர்டும் வேண்டும். பி760 பலகையில் நினைவகத்தைத்தான் வேகப்படுத்தலாம். ஏஎம்டியில் பி650 போதும், ஏ620 போதாது. பணம் கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள்.

பயாஸைத் தொடும் முன் செய்ய வேண்டியவை: கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிக்கப்பட்டால் மறுமுறை தொடங்கும்போது அது கேட்கப்படலாம், அப்போது தேடிப் பயனில்லை. பிறகு எதையும் மாற்றாமல், புராசசருக்கு முழு வேலை கொடுத்து மதிப்பெண் இடும் சினிபெஞ்ச் மென்பொருளை 10 நிமிடம் ஓட்டி, மதிப்பெண், உச்ச வெப்பம், வாட், சுமையில் காட்டும் வீகோர் (கோர்களுக்குப் போகும்) வோல்ட்டேஜ், அறையின் வெப்பம் ஐந்தையும் குறியுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் முதல் நான்கில் மூன்றைக் காட்டும். ஐந்தாவதற்குச் சாதாரண வெப்பமானி போதும். ஆனால் பெரும்பாலோர் விட்டுவிடுவது அந்த ஐந்தாவதைத்தான்.

பயாஸில் நுழைய, கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசை. அங்கே அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொடாதீர்கள், மற்ற பாகங்களும் அதையொட்டியே ஓடுகின்றன. மாற்ற வேண்டியது ரேஷியோ எனப்படும் பெருக்கெண். 47 என்றால் 4.7 கிகாஹெர்ட்ஸ். எல்லாப் பெரிய கோர்களுக்கும் ஒரே ரேஷியோ கொடுத்து, சிறிய கோர்களையும், கோர்களை இணைக்கும் பாதையான ரிங்கையும் இருந்தபடியே விடுங்கள். வோல்ட்டேஜை ஆட்டோவில் விட்டால், எப்படியாவது ஓடட்டும் என்று பலகை தாராளமாகவே கொடுக்கும். சூடு எகிறுவதற்கு முதல் காரணம் அதுதான். ஆகவே மேலே சொன்ன 12600கே போன்றதற்கு நிலையான 1.20 வோல்ட்டில் தொடங்குங்கள். 10 நிமிடம் தாங்கினால் ரேஷியோவை ஒன்று கூட்டுங்கள். விழுந்தால், அதாவது கணினி உறைந்தாலோ தானே மறுதொடக்கமானாலோ, 0.02 வோல்ட் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். 1.35 வோல்ட் அல்லது 90 டிகிரி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 90 டிகிரிதான் முதலில் வரும். விழாமல் ஓடும் எண் கிடைத்தபின் வோல்ட்டேஜை அடாப்டிவ் முறைக்கு மாற்றினால், கணினி சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் தானே இறங்கும்.

பிறர் எண்ணை இரவல் வாங்குவதால் வரும் கேடு லோட் லைன் காலிபரேஷன் என்ற அமைப்பில் தெளிவாகத் தெரியும். புராசசர்மீது சுமை ஏறியதும் அதற்குப் போகும் வோல்ட்டேஜ் சற்றுத் தொய்யும். அந்தத் தொய்வைக் குறைப்பதே இதன் வேலை. குறைவாக வைத்தால் சுமையில் கணினி விழும். அளவுக்கு மீறி வைத்தால், சுமை சட்டென்று இறங்கும் நொடியில் வோல்ட்டேஜ் நீங்கள் எழுதிய எண்ணையும் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளல் மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடுவதால் திரையில் தெரியாது. இப்போது கவனியுங்கள்: அசூஸ் பலகைகளில் எண் கூடக் கூட இது வலுக்கும், எம்எஸ்ஐ, அஸ்ராக் பலகைகளில் 1 என்பதே மிக வலுவானது. அசூஸ் வைத்திருப்பவருக்குச் சொன்ன எண்ணை எம்எஸ்ஐ பலகையில் எழுதினால் முற்றிலும் எதிரான பலன் கிடைக்கும். எந்தப் பலகையானாலும் நடுவிலுள்ள எண்ணில் தொடங்குவதே சரி.

சோதனையை எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதும் முக்கியம். இரவில் ஏர்கானை 24ல் வைத்துச் சோதித்துத் தேறிய கணினி, மறுநாள் பிற்பகல் ஏர்கான் இல்லாமல் விளையாடும்போது விழுவது புதிரல்ல. ஏர்கானை அணைத்து, வழக்கமாகத் திறக்கும் சன்னலைத் திறந்து, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் புராசசரைக் கடுமையாகச் சோதிக்கும் மென்பொருள்களான ஓசிசிடியையோ பிரைம்95ஐயோ ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கணினியைத் தச்சர் செய்து கொடுத்த மேசை அலமாரிக்குள் வைப்பவர்கள் கதவைச் சாத்தியே சோதிக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் வெளியேறிய சூடான காற்றே மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது. அறை 30 டிகிரி இருந்தாலும் கூலருக்குக் கிடைப்பது 40 டிகிரிக் காற்றாக இருக்கலாம். பின்பலகையை அறுத்துத் திறந்துவிடுவது, விலையுயர்ந்த கூலர் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும். தண்ணீர்க் கூலர் பொருத்தியவர்கள் புராசசரைச் சுற்றியுள்ள மின்சீரமைப்புப் பகுதியின் வெப்பத்தையும் பார்க்கட்டும். காற்றுக் கூலரின் விசிறி அந்தப் பகுதிக்கும் வீசும், தண்ணீர்க் கூலரில் அந்தக் காற்று இல்லை.

விழுந்தால்தான் கோளாறு என்று எண்ணாதீர்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழை) என்ற பெயரில் 19ஆம் எண் பதிவுகள் சேர்ந்துகொண்டே போனால், பிழை நடந்து திருத்தப்பட்டு வருகிறது என்று பொருள், வோல்ட்டேஜ் போதவில்லை. நீலத்திரையில் கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்று வந்தாலும் பெரும்பாலும் அதேதான். மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் முதலில் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். வேகம் 5.0 என்றே காட்டியும் சினிபெஞ்ச் மதிப்பெண் குறைந்தால், புராசசர் உள்ளுக்குள் கடிகாரத் துடிப்புகளை நீட்டிச் சமாளிக்கிறது. ஆகவே கிகாஹெர்ட்ஸை நம்பாமல் மதிப்பெண்ணை நம்புங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இந்த நீண்ட வேலை தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. பயாஸில் பிபிஓ என்ற ஏஎம்டியின் தானியங்கி வேகப் பகுதியில் வெப்ப வரம்பை 85 ஆக்கி, வோல்ட்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைப்பு. தாங்கினால் மைனஸ் 15, பிறகு 20. வோல்ட்டேஜ் குறைவதால் சூடு தணிகிறது, சூடு தணிந்த இடத்தில் புராசசர் தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. நம் வெப்பநிலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. ஒன்று மட்டும்: இந்த முறையில் தவறு நேர்ந்தால், கனமான சோதனையில் தெரியாது. உலாவியைத் திறக்கும்போதோ சும்மா விட்டிருக்கும்போதோ கணினி திடீரென்று மறுதொடக்கமாகும். லேசான சுமையில்தான் தனிக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி கோர் கோராகச் சோதிக்கும். இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை என்பதால் அவற்றை யாரும் ஓவர்கிளாக்கிங்காக நினைப்பதில்லை. ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி கூறும் நினைவக வேகம் 5200, எக்ஸ்போவில் பலர் ஓட்டுவது 6000. 2023ல் சில 7000 எக்ஸ்3டி புராசசர்கள் கருகியபோது, எக்ஸ்போவோடு சேர்ந்து எகிறிய எஸ்ஓசி (புராசசருக்குள் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியின்) வோல்ட்டேஜே காரணமாகப் பேசப்பட்டது. அதன்பின் வந்த பயாஸ்கள் அதை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்துகின்றன. பழைய பயாஸ் என்றால் முதலில் புதுப்பியுங்கள். நினைவகப் பிழை கணினியை நிறுத்தாமல் கோப்புகளை ஓசையில்லாமல் கெடுக்கும். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று பிழையின்றி ஓடாமல் குடும்பப் படங்களை அந்தக் கணினிக்கு மாற்ற வேண்டாம்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். டிடிஆர்5 நினைவகம் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், பொறுத்திருங்கள். பிறகும் வராவிட்டால் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, மிச்ச மின்சாரம் போகப் பவர் பொத்தானை அழுத்திவிட்டு, பலகையில் கிளியர் சீமாஸ் என்று குறித்த இரண்டு முனைகளை ஸ்குரூடிரைவர் நுனியால் 10 விநாடி இணையுங்கள். முனைகள் தென்படாவிட்டால் சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டலாம். எல்லாம் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும்.

பனிக்கட்டி, மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தட்டு என்று அறை வெப்பத்துக்கும் கீழே குளிர்விக்க நினைக்கும் துணிச்சல்காரர்களுக்கு: நம் காற்றின் பனிநிலை 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஏர்கான் இல்லாத அறையில் அதற்குக் கீழே போகும் எந்தப் பாகத்திலும், ஐஸ் காப்பிக் குவளையின் வெளிப்புறம்போல நீர் முத்துமுத்தாகக் கோக்கும். அது சாக்கெட்டுக்குள் இறங்கினால் பலகையும் புராசசரும் சேர்ந்தே போகும். வறண்ட குளிர்நாட்டில் தப்பிக்கும் வேலை இங்கே தப்பிக்காது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறைப் புராசசர்களைக் கரோசல் இணையச் சந்தையில் பழையதாக வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிய வோல்ட்டேஜால் அவற்றுள் பல நிலைகுலைந்ததை 2024ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (புராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியில் விற்றவற்றின் உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் திருத்தம் ஏற்கெனவே சேதமானதைச் சரிசெய்யாது. 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடில் ஓடுகிறதா என்று பார்த்து, விற்பவர் முன்னிலையிலேயே தொழிற்சாலை அமைப்பில் அரை மணி நேரம் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்.

கடைக்காரர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. வேகம் கூட்டிய கணினி என்று கூடுதல் வெள்ளி வாங்கி விற்கும்போது, ரேஷியோ, வோல்ட்டேஜ், லோட் லைன் நிலை, நினைவக வேகம், சோதித்தபோது கடையின் அறை வெப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பற்றுச்சீட்டோடு இணைத்துக் கொடுங்கள். ஓவர்கிளாக்கிங்கால் நேரும் சேதத்துக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொருந்தாமல் போகலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். 24 டிகிரியில் குளுகுளு என்றிருக்கும் கடையில் தேறியது, பிடோக்கிலோ ஈசூனிலோ மேற்கு வெயில் விழும் ஓர் அறையில் தேறாமல் போகலாம். அந்தத் தாள் கையில் இருந்தால், வாங்கிய பிள்ளை ரேஷியோவில் ஒன்றைக் குறைத்துத் தானே சரிசெய்துகொள்ளும்.

இப்படிக்கு,
கணினி பூட்டும் வாசகர்கள் சிலர்,
ஈசூன்