மூலிகைக்கும் சோதனை தேவை

ஆசிரியருக்கு,

மூலிகைக் கஷாயம் மலேரியாவைப் போக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதெல்லாம் சீன மருந்து ஆய்வாளர் து யூயூதான் நினைவுக்கு வருகிறார். மாசிபத்திரி இனச் செடி ஒன்றின் சாறு அவர் குழுவுக்கு முதலில் நிலையான பலன் தரவில்லை. 4ஆம் நூற்றாண்டு நூலொன்றில், அதை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்க அல்ல. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயப்பட்டு, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்னும் கரைப்பானில் சாறெடுத்தார். 1971இல் அது எலிகளின் மலேரியா ஒட்டுண்ணியை முற்றிலும் அழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமே உட்கொண்டும் பார்த்தார்கள்! அப்படி வந்ததுதான் ஆர்டெமிசினின் என்னும் மலேரியா மருந்து.

நம் சித்த மருத்துவச் சுவடிகள் சுரத்துக்குச் சொல்லும் செடிகளுக்கும் இந்தப் பொறுமை கிடைக்க வேண்டும். பலிக்காத சோதனை முடிவுகளையும் ஆய்வாளர்கள் வெளியிட வேண்டும். அதுவரை, காய்ச்சல் கண்டவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போகட்டும்.

– வாசகர், திருநெல்வேலி