மொன்றியலிலிருந்து அக்காவுக்கு

இயேசு மரி சூசை துணை

மொன்றியல்,
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் அப்பாவுக்காக அத்தான் எழுதிய நினைவு மலர்ப் பிரதியும் கிடைத்தன. போனில் கதைத்தால் அம்மாவுக்குப் பாதி கேட்காது, அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பின்னேரம் வெளிச்சமான இடத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கம் வீட்டு விஷயம், அதை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சுகம். குளிர்தான் போகிற பாடில்லை. இங்கே வீடுகளுக்கு மாடிப்படியை வெளியே, தெருப்பக்கமாக, இரும்பில் கட்டியிருக்கிறார்கள். பனி கொட்டுகிற ஊரில் இப்படிக் கட்ட யாருக்குப் புத்தி போனதோ! கீழ்வீட்டுக் கிழவர் விடியவே எழும்பி என் படிகளுக்கும் சேர்த்து உப்புப் போடுகிறார். கை தங்கம், வாய் மோசம். இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரருக்குக் கோபம் வந்தால் நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், அப்பம் என்று கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் தூஷணம். அப்பா கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லியிருப்பார். கிழவர் இவ்வளவு சொன்னாலும் கோயில் பக்கம் போவதில்லை. 1960களுக்குப் பிறகு இந்த மாகாணத்தில் சனம் கோயிலை விட்டுவிட்டது. விற்ற கோயில்கள் சிலவற்றை ஃபிளாட்டாக மாற்றியிருக்கிறார்கள். பீடம் இருந்த இடத்தில் யாரோ குசினி வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய், ரம்பை, மாசிக்கருவாடு எல்லாம் கிடைக்கும். பாண்தான் சரியில்லை. பொலிஸ்காரனின் பொல்லு மாதிரி நீளமாக இருக்கும், பருப்புக்கறியைத் தொட்டுச் சாப்பிட்டால் அண்ணம் கிழியும். நம்முடைய ரோஸ் பாண், சுடச்சுட, பேப்பரில் சுற்றி... சரி, அதை விடுங்கள். இந்த மாதம் ஓவர்டைம் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன், தவக்காலம் அல்லவா, பின்னேரப் பூசைக்குப் போகலாம் என்று.

நேற்று சூசையப்பர் திருநாள். இங்கே மலைமேல் அவருக்கு ஒரு பெரிய பேராலயம் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நீல லைன் மெட்ரோவில் ஏறினால் மாறாமல் போகலாம். மொத்தம் 283 படி. அதில் 99 மரப்படியை முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே விட்டிருக்கிறார்கள். ஐஸ் என்பதால் நான் ஓரப்படியில் நடந்துதான் போனேன். இந்தப் பக்தியை வளர்த்தவர் அந்திரேயா என்ற சகோதரர். பெரிய படிப்பில்லை, எதிரே இருக்கும் கல்லூரியில் ஏறக்குறைய 40 வருஷம் வாசல்கதவு திறக்கிற வேலை. 1937இல் இறந்தபோது பத்து லட்சம் சனம் வந்து பார்த்ததாம். 2010இல் புனிதர் ஆக்கினார்கள். அவருடைய இதயத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். 1973இல் அதைக் களவெடுத்து, அடுத்த வருஷம்தான் திரும்பக் கிடைத்ததாம். பதுவையில் அந்தோனியாருக்கு நாக்கு, இங்கே இவருக்கு இதயம். அப்பாவுக்கு இந்தக் கதை நன்றாகப் பிடித்திருக்கும். சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவர் நிறையத் தொங்குகின்றன.

அந்த இடத்தில் வரிசை வரிசையாக விளக்கு. மெழுகு உருகுகிற அந்தச் சூடும் வாசமும் முகத்தில் அடித்ததும் எனக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்தான். செவ்வாய்க்கிழமை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வியர்வையும் மல்லிகைப்பூவும் நெருக்கித் தள்ளுகிற கூட்டம், முன்னே அப்பாவின் வெள்ளைச் சட்டை. ஒரு நிமிஷம் அந்தச் சட்டையைத் தேடினேன் அக்கா. அவருடைய அடக்கத்தைப் போனில்தான் பார்த்தேன். பெட்டி மாதம்பிட்டி மயான வாசலுக்குள் போகும்போது படம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மண் போடும்போது அம்மா எங்கே நின்றா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இனி மலர். அத்தான் கோபிக்கக் கூடாது. ‘பக்தியும் பண்பும் நிறைந்த அன்புக் கணவர், பாசமிகு தந்தை’ என்பது எல்லா மலரிலும் இருக்கிறது. பேரை மாற்றினால் வேறு ஆளுக்கும் பொருந்தும். கண்ணீர்ப் பாவைச் சுருக்கி இவற்றைப் போடுங்கள்.

1979இல் துறைமுக அதிகாரசபை வருவதற்கு முன்பே அப்பா டாலி கிளாக்கராகச் சேர்ந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை நாள் முழுக்க எண்ணுகிறவர், சொந்தச் சம்பளத்தை ஒருநாளும் எண்ணியதில்லை. கவரை ஒட்டுப் பிரிக்காமல் அம்மாவின் கையில் கொடுப்பார். அம்மா அதிலிருந்து பஸ் காசு கொடுப்பா. அவர் கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வந்து, அந்தக் காசை வின்சென்ட் த போல் சபை உண்டியலில் போட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தா.

சின்னவன் பிறந்தபோது அம்மா காசல் ஆஸ்பத்திரியில் தப்புவாவோ என்று இருந்தது. அப்பா கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாரின் காலடியில் பாதிப் பெட்டி பிரிஸ்டல் சிகரெட்டை வைத்துவிட்டு வந்தார். பிறகு அவர் வாயில் புகை வந்ததே இல்லை. அம்மா வீட்டுக்கு வந்தபின், மன்னாரிலிருந்து அப்பாச்சி வரமுடியாத அந்த நாட்களில், பத்தியச் சரக்கை அம்மியில் அரைத்தது யார்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து, மஞ்சள் படிந்த கையை எங்களுக்குக் காட்டிச் சிரிப்பார். அயல் பெண்கள் எட்டிப் பார்த்துப் பகிடி பண்ணினார்கள். அவர் பாட்டுக்கு அரைத்தார்.

கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்த 2019 உயிர்ப்பு ஞாயிறையும் விடவேண்டாம். முதல்நாள் இரவுப் பூசைக்குப் போனதால் அவர் அன்று காலை அங்கே இல்லை. அடுத்த ஞாயிறு கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, கர்தினாலின் பூசையை டிவியில் போட்டுவிட்டு, சேர்ட்டும் லோங்சும் சப்பாத்தும் போட்டு உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எழுந்தேற்றத்தின்போது அந்த முழங்காலோடு சீமெந்துத் தரையில் இறங்கினாராம். ஜூன் 12இல் கோயிலைத் திறந்ததும், மறுநாள் திருநாளுக்கு யார் மறித்தும் கேட்காமல் போனார். இவ்வளவும் போட்டால் பக்தியும் பண்பும் என்று தனியாக எழுதத் தேவையில்லை. படத்துக்குக் கல்யாணப் படத்தையே போடுங்கள், அம்மாவையும் வெட்டாமல்.

இனி வீட்டு விஷயம். உறுதியைச் சின்னவன் கேட்டால் கொடுக்கவேண்டாம். ஃபிளாட் கட்டுகிறவர்களோடு அவன் கதைத்துக்கொண்டிருப்பதாக இங்கேயே எனக்குக் காதில் விழுந்தது. அம்மா இருக்கும்வரை அந்த வீட்டில் ஒரு ஓடும் கழற்றக் கூடாது. நொத்தாரிசு ஐயாவிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, மூல உறுதியை பாங்க் லொக்கரில் வையுங்கள். வெற்றுத்தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கவும் யாரையும் விடாதீர்கள்.

மே மாத ஆண்டுப் பூசைக்குச் சுவாமியிடம் இப்போதே நாள் எழுதிவிடுங்கள். சாப்பாட்டுக்கு என் பங்கை இரண்டு தவணையாக அனுப்புகிறேன், ஒரேயடியாக அனுப்பினால் இங்கே பாங்கில் கேள்வி கேட்கிறார்கள். கல்லறைக்குக் கறுப்புக் கல் என்று அத்தான் சொன்னார், விலையைக் கேட்டு எழுதுங்கள். சீமெந்தும் நன்றாகத்தான் இருக்கும். மருமகளின் ஏ.எல். ரியூஷன் காசு என் பொறுப்பு, அதில் மாற்றமில்லை.

பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் வருகிறாராம். அவரிடம் வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ கொடுத்துவிட்டால் போதும். கருவாடு வைக்கவேண்டாம், போன தடவை சூட்கேஸ் முழுக்க மணந்ததாம்.

அன்புள்ள
தம்பி