எதை விட வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் பற்றி வந்த கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எளிமையாகவும் ஆர்வத்தோடும் எழுதியிருந்தார்கள். ஆனால், அங்கே நிகழும் ஒவ்வொரு துகள் மோதலையும் கணினிகள் பதிவு செய்து வைக்கின்றன என்று அதில் இருந்த வரி உண்மைக்கு நேர் எதிரானது. மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லித் தருகிறவள் நான். அந்த ஒரு வரியால் எங்கள் துறையே அந்தக் கதையிலிருந்து விடுபட்டுப் போகிறது என்பதால் எழுதுகிறேன்.

செர்னின் எல்எச்சி என்ற துகள் முடுக்கி வளையத்தில் புரோட்டான் கொத்துகள் 25 நானோ நொடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று கடக்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி கடப்புகள். ஒவ்வொன்றிலும் பல பத்து மோதல்கள். மோதல்களைப் பதிவு செய்ய அங்கே இருக்கும் கருவிகளில் ஒன்றான சிஎம்எஸ்ஸில் ஒரு கடப்பின் விவரம் சுமார் 1 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 40 வேண்டும். எழுதி வைத்தாலும் பெரிய பயன் இல்லை. நூறு கோடிக்கும் மேற்பட்ட மோதல்கள் நடந்தால்தான் மற்றத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கும் ஹிக்ஸ் துகள் ஒன்று பிறக்கிறது. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை இயற்பியலாளர்கள் பார்த்துப் பழகியவை.

ஆகவே பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் டிரிகர். அதன் முதல் கட்டத்தில் வழக்கமான கணினியே கிடையாது. உள்ளிருக்கும் சுற்றையே வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்புகள் நிறைந்த மின்னணு அட்டைகள்தான். ஒரு கடப்பை வைத்துக்கொள்வதா விடுவதா என்று சொல்ல அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 4 மைக்ரோ நொடி. சிக்னல் கேபிள் வழியே போய்த் திரும்பவே அதில் கணிசமான பங்கு செலவாகிவிடும். முடிவு வருவதற்குள் அடுத்த 160 கடப்புகளுக்கான நேரம் ஓடியிருக்கும். அதுவரை முழு விவரமும் கருவியை ஒட்டிய சிறு நினைவகங்களில் வரிசையில் காத்திருக்கும். ‘வேண்டும்’ என்ற சொல் நேரத்துக்கு வராவிட்டால் அதன் மேலேயே அடுத்தது எழுதப்பட்டுவிடும். இப்படி நொடிக்கு 1 லட்சம் வரை தப்பிப் பிழைக்கின்றன. அவற்றைத் தரைமேல் இருக்கும் கணினிக் கூட்டம் இன்னும் நிதானமாக, அதாவது நொடியில் சில பத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்து, அலசுகிறது. முடிவில் முழு விவரத்தோடு சேமிக்கப்படுபவை நொடிக்குச் சில ஆயிரத்தைத் தாண்டுவதில்லை.

விட்டது விட்டதுதான். அதே மோதலை யாரும் மறுபடி நடத்த முடியாது.

செய்தித்தாள் வாசகர்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். எந்த மாதிரி மோதலை எடுக்க வேண்டும் என்ற பட்டியலை மனிதர்கள் முன்கூட்டியே வகுக்கிறார்கள். இவ்வளவு ஆற்றலுக்கு மேல் மியூயான் (எலெக்ட்ரானின் கனத்த உறவு) இருந்தால் எடு, இரண்டு ஃபோட்டான் (ஒளித்துகள்) சேர்ந்து வந்தால் எடு என்று நூற்றுக்கணக்கான நிபந்தனைகள். பட்டியலில் இல்லாத ஒன்றை இயற்கை காட்டினால் அது நம் கையில் தங்காமலேயே போகலாம். பிறந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளிப் போய்ச் சிதையும் நீண்ட ஆயுள் துகள்கள் அப்படி நழுவக்கூடியவை என்பதால், 2022-ல் தொடங்கிய ஓட்டத்தில் அவற்றுக்கென்றே தனி டிரிகர்கள் சேர்க்கப்பட்டன. 2024-ல் சிஎம்எஸ் குழு இன்னொரு படி போனது: தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு, வழக்கமான மோதலைப் போல இல்லாத எதையும் கவனிக்கும் நியூரல் நெட்வொர்க் ஒன்றை முதல் கட்ட எஃப்பிஜிஏ-விலேயே ஏற்றினார்கள். எல்எச்சியின் இன்னொரு கருவியான எல்எச்சிபியின் குழுவோ முதல் கட்டத்தையே எடுத்துவிட்டு, முழுத் தரவையும் பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் ஜிபியு அட்டைகளுக்கு அனுப்பி மென்பொருளால் வடிகட்டுகிறது. எனக்கு இவையெல்லாம் ஹிக்ஸ் கண்டுபிடிப்புக்கு இணையான செய்திகள். ஹிக்ஸ் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட 2012 ஜூலை 4 எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இவை எந்தத் தமிழ் நாளிதழிலும் என் கண்ணில் படவில்லை.

தரவு சேகரிப்பில் ஒரு சின்னக் குறை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஜப்பானின் கமியோகாண்டே என்ற துகள் ஆய்வுக் கருவி சாட்சி. சுரங்கத்துக்குள் இருந்த அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் புரோட்டான் சிதைவைத் தேடத்தான் கட்டினார்கள். பிறகு சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவை, அதாவது எதோடும் எளிதில் மோதாத நுண்துகளைப் பிடிப்பதற்காக, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் துணையோடு மின்னணுச் சுற்றுகளை மாற்றி, தண்ணீரில் எழும் இன்னும் மங்கலான ஒளிக்கும் டிரிகர் விழும்படி செய்தார்கள். அந்த வேலை முடிந்த கொஞ்ச நாளிலேயே, 1987 பிப்ரவரி 23 அன்று, பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் வந்து சேர்ந்தன. 11 சிக்கின. அந்த ஆய்வை வழிநடத்திய கொஷிபாவுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்தப் பதினொன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கருவியின் கடிகாரம் சரியான நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம் என்ற நிலை. அதே வெடிப்பைப் பதிவு செய்த அமெரிக்காவின் ஐஎம்பி கருவியில் நேரம் துல்லியமாக இருந்தது. ஒரு நல்ல கடிகாரம் இருந்திருந்தால் இரண்டையும் நொடிக்கு நொடி பொருத்திப் பார்த்திருக்கலாம்! இப்போதும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மதுரையிலேயே மினி-ஐகால் என்ற 85 டன் இரும்புக் கருவி அமைக்கப்பட்டது. இரும்புத் தகடுகளுக்கு இடையே வாயு நிரப்பிய கண்ணாடிக் கூடுகள். வானிலிருந்து வரும் மியூயான் பல அடுக்குகளை ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொட்டால் மட்டுமே பதிவு. இதை முன்மாதிரியாகக் கொண்ட தேனி நியூட்ரினோ திட்டத்தைப் பற்றிய வாதங்களுக்குள் இந்தக் கடிதத்தில் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது, அந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதை முடிவு செய்வது என் மாணவர்கள் 7408 என்ற சிப்பை பிரெட்போர்டில் செருகிப் பார்க்கும் அதே அண்ட் கேட், அதாவது எல்லா உள்ளீடும் ஒன்றாக வந்தால் மட்டும் ‘ஆம்’ சொல்லும் சுற்று, என்பதை. 1930-ல் புரூனோ ரோஸி வெற்றிடக் குழாய்களை வைத்து அப்படியொரு சுற்றை அமைத்தது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணத்தான். “மேடம், ரெண்டு சுவிட்ச், ஒரு எல்இடி, இதை எங்கே பயன்படுத்துவாங்க?” என்று உசிலம்பட்டியிலிருந்து வரும் பிள்ளை கேட்கும்போது நான் இதைத்தான் சொல்கிறேன். அவள் நிமிர்ந்து உட்காருகிறாள். துகள் இயற்பியல் என்றால் கரும்பலகை நிறையச் சமன்பாடு என்று மட்டும் எழுதிக்கொண்டே இருந்தால், டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் அது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். அங்கே அட்டை வடிவமைப்பவர், கேபிள் நீளம் கணக்கிடுபவர், சிப்புக்கு நிரல் எழுதுபவர் எல்லாரும் வேண்டும்.

எல்எச்சி மேம்பாட்டுப் பணிகள் முடிந்து 2030 வாக்கில் அது மறுபடி ஓடும்போது ஒரே கடப்பில் 200 மோதல்கள் வரை எதிர்பார்க்கிறார்கள். அப்போது டிரிகரைப் பற்றி நிறையச் செய்திகள் வரும். அதற்கு முன்பே, இத்துறையில் பணியாற்றும் பொறியாளர் ஒருவரிடம் கேட்டு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள். எங்கள் மாணவர்கள் கேள்விகளைத் தயாரித்துத் தருவார்கள். அதுவரை, அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்கள்: நொடிக்கு 4 கோடி கடப்புகளில் முழுமையாகச் சேமிக்கப்படுபவை சில ஆயிரம் மட்டுமே.

இப்படிக்கு,
மின்னணுவியல் விரிவுரையாளர்,
மதுரை.