நீலமூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடும் நம் முதியவர்கள் பலர், "ரத்தம் போதவில்லை, இன்னொரு முறை எடுக்கிறேன்" என்று தாதி சொன்னதும் மனம் சங்கடப்படுகிறார்கள். பிள்ளைகளும் "இருக்கிற ரத்தத்தை வைத்தே பாருங்களேன்" என்கிறார்கள். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை வைத்து மருந்தின் வேலையைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனைக்கு அது ஆபத்து.

இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் நீலமூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் முன்கூட்டியே இருக்கும். 3 மில்லிலிட்டர் குழாய் என்றால் 0.3 சிட்ரேட், 2.7 ரத்தம், அதாவது ஒன்றுக்கு ஒன்பது. ரத்தத்திலுள்ள கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்துக்கொள்வதால்தான் குழாயில் ரத்தம் உறைவதில்லை. ஆய்வகத்தில் பிளாஸ்மாவைப் பிரித்து, 37 டிகிரி வெப்பத்தில் உறைதலைத் தூண்டும் திரோம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். பாதிக் குழாய்தான் நிறைந்தது என்றால் மிச்சமிருக்கும் சிட்ரேட் அந்தக் கால்சியத்தையும் விழுங்கிவிடும். உறைதல் தாமதமாகும், ஐஎன்ஆர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், ரத்தக்கட்டு வரக்கூடியவருக்குப் பாதுகாப்பு போய்விடும்.

வேறு குழாயிலிருந்து ஊற்றி நிரப்பவும் கூடாது. ஊதாமூடிக் குழாயில் இடிடிஏ என்ற வேறொரு உறைவுத் தடுப்புப் பொருள் இருக்கிறது. அதுவும் கால்சியத்தைப் பிடிக்கும். இரண்டு அரைக் குழாய்களைச் சேர்த்தால் சிட்ரேட் இரட்டிப்பாகும். பட்டாம்பூச்சி ஊசியின் நீண்ட ட்யூபில் உள்ள காற்று முதல் குழாய்க்குள் போய் அளவைக் குறைத்துவிடும். அதனால்தான் முதலில் ஒரு குழாயில் கொஞ்சம் எடுத்து வீசுகிறார்கள். வீண் என்று நினைக்க வேண்டாம். எடுத்ததும் குழாயை மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் உள்ளே சிறு கட்டி உருவாகும், அந்த ரத்த மாதிரி பயன்படாது. (விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு இந்தக் குழாய்க் கணக்கு இல்லை.)

ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மருந்துகளின் கதை வேறு. அபிக்ஸபான் அல்லது ரிவரோக்ஸபான் சாப்பிடுபவருக்கு ஐஎன்ஆர் இயல்பாக வந்தாலும், உடம்பில் மருந்து இல்லை என்று சொல்ல முடியாது. தேவைப்பட்டால் அந்தந்த மருந்துக்கென அளவுத்திருத்தம் செய்த ஆன்ட்டி டென்ஏ (anti-Xa) என்ற ரத்தச் சோதனைதான் ரத்தத்திலுள்ள மருந்தளவைச் சொல்லும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பது தெரியாமல் அந்த எண்ணுக்கும் அர்த்தம் சொல்வது கடினம்.

ஆகவே பெற்றோரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோர், மருந்தின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். தாதி மறுபடி கேட்டால், கையை நீட்டச் சொல்லுங்கள்.

ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
சிங்கப்பூர்