பதினாறு வயதுக்கு மேல் வரைய எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஓவியப் பயிற்சி அறிவிப்புகள் வரிசையாக வரும். ஒன்று விடாமல் படிப்பேன். எல்லாவற்றிலும் ஒரு வயது வரம்பு இருக்கும். அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரை. தனியார் முகாம் என்றால் எட்டாம் வகுப்பு வரை, இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு வரை. எனக்கு 49 வயது. குழந்தைகளுக்குத் தாராளமாகச் சொல்லித்தரட்டும், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அந்த வயதில் வரைவதை விட்டுவிட்டு இத்தனை வருடம் கழித்து மறுபடி வரைய ஆசைப்படுகிறவர்கள் எங்கே போய் உட்காருவது? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் கையில் எது கிடைத்தாலும் வரைவேன், சுவரில், காலண்டர் பின்பக்கத்தில், அப்பாவின் பீடிக்கட்டுத் தாளில் கூட. ஏழாம் வகுப்பில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் வரைவது போல இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை மரம், ஒரு குடிசை. நான் எங்கள் வீட்டுக் கிணற்றடியை வரைந்தேன். ராட்டினம், கயிறு, வாளி, குனிந்து தண்ணீர் இறைக்கும் அம்மா. ஓவிய ஆசிரியர் அந்தத் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, “இது மனுஷியா, மாடா?” என்று கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அப்புறம் சிவப்பு மையால் என் படத்தின் மேலேயே இரண்டு மலை போட்டுக் கொடுத்தார். தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த நான் அதுவரை மலையை நேரில் பார்த்ததே கிடையாது.

அதோடு நின்றதுதான். பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டில் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தைத் தங்கைதான் வரைந்து கொடுத்தாள். என் மகன் யூகேஜி படிக்கும்போது “யானை போட்டுக் குடும்மா” என்று நோட்டை நீட்டினால், “அம்மாவுக்கு வராது, அப்பாகிட்ட கேளு” என்பேன். 35 வருடம் இப்படியே போனது. வெறும் தாளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே தொண்டை வறண்டுவிடும், இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆனால் மார்கழியில் 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை வைத்துத் தெருவை அடைத்துக் கோலம் போடுவேன், அப்போது கை நடுங்கியதே இல்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கோலத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை. பத்து மணிக்குள் சைக்கிளும் செருப்பும் ஏறி அழிந்துபோகும், மறுநாள் வேறு கோலம். தாளில் போட்டதுதான் அப்படியே இருக்கும், யாராவது தூக்கிக் காட்டலாம். என் பயம் முழுக்க அந்தத் தூக்கிக் காட்டுவதில்தான் இருந்தது, கையில் இல்லை.

மறுபடி ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சீர்ப் பாத்திரம் வாங்க யாரும் வர மாட்டார்கள், மதியம் கடை வெறிச்சென்று இருக்கும். எங்கள் கடை வாசலில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சின்ன உளியையும் சுத்தியலையும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போவார், சரசரவென்று பெயர் விழுந்துவிடும். பித்தளையில் அழிப்பதற்கு வழி கிடையாது. “கை தவறினா என்ன பண்ணுவீங்கண்ணே?” என்று ஒரு நாள் கேட்டேன். “தவறத்தான் செய்யும். அடுத்த எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி வெட்டினா சரியாப் போயிடும்மா. வாங்கிட்டுப் போறவங்க பேரைத்தான் படிப்பாங்க, புள்ளியையா எண்ணப் போறாங்க?” என்றார்.

அன்றைக்கே கார்பன் கறை பட்டு வீணான ஒரு ரசீதின் பின்பக்கத்தில், பால்பாயின்ட் பேனாவால், மேசையில் இருந்த டபரா தம்ளரை வரைந்தேன். மோசமாக வந்தது. தம்ளரின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் வட்டமாகவே போட்டேன், அது முன்பக்கம் கவிழ்ந்து விழுவது போல இருந்தது. அப்புறம் நிஜமாகவே உற்றுப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே இருக்கும் அலமாரித் தட்டில் உள்ள சொம்பின் வாய் வெறும் கோடாகத்தான் தெரிந்தது. கீழே தரையில் வைத்திருந்த அண்டாவின் வாய் கிட்டத்தட்ட முழு வட்டம். மேல் தட்டில் இருந்த குடங்களின் விளிம்பு புருவம் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது. 20 வருடமாகத் தினமும் தூசி தட்டி எடை போட்ட பாத்திரங்கள்தான், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வரைவது என்றால் முதலில் தெரிந்ததை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பது. அதை எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவே இல்லை.

மூன்று மாதம் ஒருவருக்கும் காட்டவில்லை. வீணான ரசீதுத் தாள், பழைய பேரேட்டின் மிச்சப் பக்கம், அவ்வளவுதான். நல்ல ஓவிய நோட்டு வாங்கியிருந்தால் முதல் பக்கத்தைத் தொடவே பயந்திருப்பேன். பென்சிலையும் ரப்பரையும் வேண்டுமென்றே ஒதுக்கினேன், ஏனென்றால் ரப்பர் கையில் இருந்தால் ஒரு கோடு போடுவதும் பத்து தடவை அழிப்பதுமாக நேரம் போய்விடும், பயமும் கூடிக்கொண்டே போகும். சில நாள் தாளைப் பார்க்காமல் பாத்திரத்தின் ஓரத்தை மட்டும் கண்ணால் தடவிக்கொண்டே பேனாவை நகர்த்துவேன். கோணல்மாணலாக வரும், ஆனால் அதில்தான் உயிர் இருக்கும். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.

பெரியவர்கள் “எனக்கு வராது” என்று சொல்வதைக் கேட்டால் இப்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 12 வயதில் நின்றுபோன கை, 12 வயதுக் கையாகத்தான் இருக்கும். ஆனால் கண் நிற்கவில்லையே! அது தாராசுரத்துச் சிற்பத்தைப் பார்த்திருக்கிறது, வாரப் பத்திரிகைகளில் ஓவியர் கோபுலுவின் கோடுகளைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. வளர்ந்த கண் அந்தச் சின்னக் கையைப் பார்த்து “சகிக்கவில்லை” என்று சொன்னதும் நாம் பேனாவை மூடி வைத்துவிடுகிறோம். திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கைக்கு நாம் கொடுக்காத வருடங்களைக் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

கோபுலு எங்கள் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை வராமல் போனபோது, அவ்வளவு பெரிய ஓவியர் இடது கையால் வரையப் பழகினார். ஊரெல்லாம் கொண்டாடிய கையை விட்டுவிட்டு, பழக்கமே இல்லாத கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க அவருக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும்! ரவீந்திரநாத் தாகூரும் முறையாக ஓவியம் படித்தவர் இல்லை. கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்ததில் பறவையும் மிருகமுமாக உருவங்கள் வரத் தொடங்கின. அவருடைய ஓவியங்களின் முதல் கண்காட்சி 1930-ல் பாரீஸில் நடந்தபோது அவருக்கு 69 வயது. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை, மொத்தம் 2,000 படங்களுக்கு மேல் வரைந்திருக்கிறார். அடித்தல் திருத்தலிலிருந்து ஓர் ஓவியர் வந்தார் என்று படித்த அன்று ரசீதுத் தாளில் வரைகிற எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா.

நடுவில் ஒரு தஞ்சாவூர் ஓவிய வகுப்புக்கும் போய்ப் பார்த்தேன். கோடுகளை டிரேஸ் எடுத்து, கல் ஒட்டி, தங்க ரேக் பதித்து, ஒரு படத்தோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அருமையான கலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே அமைத்த வகுப்பு அது. எனக்கு வேண்டியிருந்தது தப்பாகப் போட ஓர் இடம். அக்கம்பக்கத்தில் சொன்னால் “வித்தா காசு வருமா?” என்கிறார்கள், “போட்டிக்கு அனுப்பேன்” என்கிறார்கள். போனில் சொன்னாலே படம் வந்துவிடுகிறதே, எதற்குக் கஷ்டப்படுகிறாய் என்று மகன் கேட்கிறான். வரட்டும். ஆனால் அந்தத் தம்ளரை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது நான்தானே?

போன மாதம் அந்தக் கிணற்றடியை நினைவிலிருந்து மறுபடி வரைந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு 78 வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “வாளிக்கு ரெண்டு முடிச்சு போடுவேன், நீ ஒண்ணுதான் போட்டிருக்க” என்றார். சரி என்று அங்கேயே இன்னொரு முடிச்சு போட்டேன். மனுஷியா மாடா என்று அவர் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. எந்த ஊரிலும் கிளை நூலகம் இருக்கிறது, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம்தான் கட்டுகிறோம். இதில் ஏதாவது ஓர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். பெஞ்சு, நல்ல வெளிச்சம், நடுவில் வரைவதற்கு ஒரு பொருள். மார்க் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், ஒருவர் தாளை இன்னொருவர் கேட்காமல் எடுத்துப் பார்க்கக் கூடாது. கல்லூரி மாணவர்கள் யாராவது வந்து கூட உட்கார்ந்து வரைந்தால் இன்னும் நல்லது. ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் இருக்கும் பெண்கள், பட்டறையில் வேலை செய்கிறவர்கள் என்று கேட்டுப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தே ஏழு பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். எல்லோருக்கும் என் கிணற்றடி மாதிரி ஒரு கதை இருக்கிறது, கேட்டால் மனது கஷ்டப்படும். ஓவிய ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வரைந்ததன் மேல் சிவப்பு மை போடாதீர்கள். திருத்திக் காட்ட வேண்டுமானால் தயவுசெய்து வேறு தாளில் வரைந்து காட்டுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்து யாராவது இடம் தர முன்வந்தால் உங்கள் நாளிதழ் மூலமாகவே தெரிவிக்க வேண்டுகிறேன். பாத்திரங்களுக்கு எங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டேன். எடைக்கு வந்த பழைய குடம், நசுங்கிய சொம்பு, ஒரு கை உடைந்த குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் போகலாம், திங்கள் காலையில் கடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.