காரிக்குக்கு எதற்கு இந்தப் பொய் மாலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நடிகர் டேவிட் காரிக் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, என் கண்தான் கோளாறோ என்று. கோளாறு இல்லை. ‘ஷேக்ஸ்பியரை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் மேடையேற்றியவர்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது.

தாங்கள் அறியாததா? அவருடைய ரோமியோ ஜூலியட்டில் ரோமியோ சாகும் முன்பே ஜூலியட் விழித்துவிடுவாள். கல்லறைக்குள் இருவரும் பேசிப் புலம்பும் காட்சி காரிக்கே எழுதிச் சேர்த்தது. ‘லியர் மன்னன்’ நாடகத்துக்கு நேஹம் டேட் என்ற நாடகாசிரியர் ஒட்டவைத்த சுப முடிவையும் அவர் கைவிடவில்லை. 1772இல் ஹாம்லெட்டிலிருந்து கல்லறைக் குழிவெட்டிகள் வரும் காட்சியையே தூக்கிவிட்டார். நான் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் ஹாம்லெட் நடத்தியவன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காருவது அந்த ஒரு காட்சிக்குத்தான்! 1769இல் ஷேக்ஸ்பியருக்கு அவரது சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் காரிக் எடுத்த விழாவைக் கட்டுரையாளர் சிலாகிக்கிறார். மழை கொட்டி ஊர்வலமே நின்றுபோன அந்த விழாவில், ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுகூட நடிக்கப்படவில்லை.

காரிக் மேல் எனக்கென்ன கோபம்? 1741 அக்டோபரில், 24 வயதில், மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் வேடத்தில் வந்து லண்டனையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ட்ரூரி லேன் அரங்கை 29 வருடம் நடத்தியவர். மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பணக்கார ரசிகர்களைக் கீழே இறக்கியவர். இது போதாதா?

கட்டுரையில் காரிக்குக்கு ‘இயல்பு நடிப்பின் தந்தை’ என்ற பட்டம் வேறு. அதே 1741 பிப்ரவரியில், காரிக் வருவதற்கு எட்டு மாதம் முன்பே, ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் கோமாளி வேடமாகக் கிடந்த வட்டிக்காரன் ஷைலக்கை மனிதனாக்கி நடித்த சார்லஸ் மாக்லின் எங்கே போனார்? நான்கு பக்கக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லண்டனில் இருவரின் நினைவிடங்களையும் பார்த்துவிட்டு வந்தேன். காரிக், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், ஷேக்ஸ்பியர் சிலையின் காலடியில் படுத்திருக்கிறார். மாக்லினுக்குக் காவென்ட் கார்டன் தேவாலயச் சுவரில் ஒரு கல். அதில் ஒரு நாடக முகமூடி, அதன் கண்ணில் ஒரு குத்துவாள். 1735இல் விக் தகராறில் சக நடிகர் ஒருவரைக் கைத்தடியால் கண்ணில் குத்திக் கொன்ற பாவம், கல்லிலும் அவரை விடவில்லை. என் மருமகன் அதைப் போட்டோ எடுத்தார். இத்துடன் இணைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம். முன்பு அனுப்பிய படங்களும் திரும்பவில்லை.

என் முந்தைய கடிதங்களில் இரண்டு அச்சில் வரவேயில்லை. மூன்றாவது வந்தது: நான் சுட்டிக்காட்டிய பிழையை நீக்கிவிட்டு, ‘கட்டுரை அருமை’ என்ற வரியை மட்டும் என் பெயரில் போட்டிருந்தீர்கள். நண்பர்கள் போனில் பாராட்டினார்கள்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இக்கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் கல்லூரிப் பெருமையை வெட்டிக்கொள்ளுங்கள். மாக்லினை விட்டுவையுங்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
கும்பகோணம்